ரிப்போர்ட் எல்லாம் நார்மல்

குமுளியில் ஒரு சின்ன லேப்பில் வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பது, மெஷினில் ஓட்டுவது, பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுப்பது. எல்லைச் சோதனைச் சாவடியிலிருந்து நடக்கிற தூரம்தான். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறி வருகிற கூடலூர்க்காரர்களும், வண்டிப்பெரியார், பீர்மேடு எஸ்டேட்டுகளிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களும் எங்கள் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

சில குழந்தைகளின் ஃபைல் வருஷா வருஷம் தடித்துக்கொண்டே போகும். உள்ளே ஒரு தப்பும் இருக்காது. ஹீமோகுளோபின் சரி, வெள்ளணுக்கள் சரி, கல்லீரல் சரி, யூரின் சரி, ஸ்கேனும் சரி. ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது அந்த அம்மாக்களின் முகத்தில் நிம்மதி வருவதில்லை. "அப்ப எதுக்கு சார் இப்படி வாந்தி எடுக்குது?" என்று என்னிடமே கேட்பார்கள். லேப் டெக்னீஷியன் அதற்குப் பதில் சொல்லக் கூடாது. டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிடுவேன்.

அதே கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தபோதுதான் இதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிற, ஆனால் எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் அகப்படாத ஒரு குழந்தை உங்கள் வீட்டிலும் இருந்தால் இது உதவலாம். நான் டாக்டர் இல்லை. மருந்தின் பெயர் சில இடங்களில் வரும், அளவு எங்கேயும் வராது.

அக்காவை வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மச்சானுக்கு ஃபேக்டரியில் வேலை. அவர்கள் மகளை இங்கே பாப்பா என்றே வைத்துக்கொள்கிறேன். மூன்று வயது தாண்டிய சமயத்தில் ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று நாலு மணிக்கு எழுந்து உட்காருவாள். முகம் வெளிறியிருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். அப்புறம் வாந்தி. பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் என்று போகும், வயிற்றில் ஒன்றுமே இல்லாதபோதும் குமட்டிக்கொண்டே இருக்கும். எச்சிலைக்கூட விழுங்க மாட்டாள், வாயோரம் வழியும். லைட்டைப் போட்டால் அழுவாள். கூப்பிட்டால் கண்ணைத் திறப்பாள், பதில் வராது. ஒரு நாள், ஒன்றரை நாள் இப்படிக் கிடந்துவிட்டு அயர்ந்து தூங்குவாள். எழுந்ததும் தோசை கேட்பாள். மறுநாள் லயத்து (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் மற்ற பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருப்பாள். சில வாரம் கழித்து மறுபடியும் அதே நேரம், அதே வரிசை.

எங்கள் பக்கத்தில் வாந்தியை ஒரு நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்குகிற ரோடும், குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்குகிற ரோடும் அப்படி. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவது, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வது, கவரோடு பஸ் ஏறுவது எல்லாம் பழக்கமான காட்சிகள். "மலைப் பிள்ளைக்கு வாந்தி ஒரு விஷயமா?" என்றுதான் பாப்பாவின் அப்பத்தா முதலில் சொன்னார்.

அடுத்து குடலேற்றம் என்று ஆனது. கம்பத்திலிருந்து ஒரு பாட்டி வந்து விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவி விட்டார். மறுநாள் வாந்தி நின்றது. அது எப்படியும் மறுநாள் நிற்கிற வாந்திதான், ஆனால் அந்தப் பெருமை பாட்டிக்குப் போயிற்று. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, தொக்கம் எடுக்க வேண்டும் என்றார்கள். அதுவும் ஆயிற்று. பக்கத்து லயத்தில் இருக்கிற மலையாளச் சேச்சி கைவிஷமாக, அதாவது யாரோ சாப்பாட்டில் மந்திரித்துக் கலந்து கொடுத்ததாக, இருக்கும் என்றார். சேர்த்தலைக்குப் பக்கத்தில் திருவிழா மகாதேவர் கோயில் இருக்கிறது. அங்கே பச்சிலை மருந்தைக் குடிக்கக் கொடுத்து, வாந்தி எடுக்க வைத்து, கைவிஷத்தை வெளியே எடுப்பார்கள். வாந்தி நிற்காத பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கிற கோயிலுக்குக் கூட்டிப்போவதா என்று மச்சானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது மட்டும் நடக்கவில்லை.

ஆஸ்பத்திரிகளின் கதையும் ரொம்ப வேறு இல்லை. எல்லையில் வாழ்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ரேஷன் கார்டு கேரளாவில், அதனால் காப்பீடும் கேரளப் பக்கம். சொந்தக்காரர்கள், துணைக்கு நிற்கிற ஆட்கள் எல்லாம் கம்பம், தேனிப் பக்கம். அவசரத்துக்கு எந்த வண்டி கிடைக்கிறதோ அது போகிற திசையில்தான் ஆஸ்பத்திரி. ஒருமுறை எஸ்டேட் டிஸ்பென்சரி, ஒருமுறை கீழே இறங்கி கம்பம், ஒருமுறை க.விலக்கு மருத்துவக் கல்லூரி, ஒருமுறை பீர்மேடு. ஒவ்வொரு கேசுவாலிட்டிக்கும் அது முதல் வாந்தி. ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஏ.ஜி.இ. என்று எழுதியிருக்கும், அதாவது திடீர் வயிற்றுத் தொற்று. டிரிப் ஏற்றி, ஊசி போட்டு அனுப்புவார்கள். ஒரு தடவைக்கு அது நியாயமான முடிவுதான். குழந்தைகளின் வாந்திக்கு மிகச் சாதாரணமான காரணம் அதுதான். ஆனால் வயிற்றோட்டம் ஒருமுறைகூட இல்லை, காய்ச்சல் இல்லை, அதே சட்டியில் சாப்பிட்ட வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. எல்லா சீட்டையும் ஒரே மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தால்தான் இது கண்ணில் படும். அப்படிப் பரப்பிப் பார்க்க யாருக்கும் வாய்ப்பு அமையவில்லை. மலைக்குக் கீழே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்பெண்டிக்ஸ் என்று சொல்லி மறுநாளே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மறுநாள் காலையில் பாப்பா எழுந்து பிஸ்கட் கேட்டதால் தப்பித்தாள்.

கடைசியில் கோட்டயத்தில் குழந்தைகளின் வயிறு, குடல் நோய்களை மட்டும் பார்க்கிற ஒரு டாக்டரிடம் போனார்கள். நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். அவர் மலையாளத்தில் கேட்டார், அக்கா தமிழில் சொன்னாள், இரண்டு பேருக்கும் புரிந்தது. நான் பத்திரமாக அடுக்கிக் கொண்டுபோன ஃபைலை அவர் ஓரமாக வைத்துவிட்டார். முதல் கேள்வி, "சர்திக்காத்தப்போ குட்டி எங்ஙனெயா?" வாந்தி இல்லாத நாட்களில் பிள்ளை எப்படி இருக்கிறாள்? இவ்வளவு நாளில் இதை ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் வாந்தியைப் பற்றித்தான் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பி.யூ.கே. லீ என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிற குழந்தைகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். முதல் வகைப் பிள்ளைகள் கிட்டத்தட்ட தினமும் எடுப்பார்கள், ஆனால் ஒன்றிரண்டு தரத்தோடு முடிந்துவிடும். இன்னொரு வகை எப்போதாவதுதான் எடுக்கும், ஆனால் எடுக்கும்போது மணிக்கு நாலு தடவையோ அதற்கு மேலோ போகும், நடுவில் முழு ஆரோக்கியம். முதல் வகையில் காரணம் பெரும்பாலும் இரைப்பை, குடலுக்குள்ளேயே கிடைக்கிறது. அமிலம் மேலே ஏறுவது, இரைப்பைப் புண் மாதிரி. இரண்டாவது வகையில் வயிற்றுக்கு வெளியே தேட வேண்டியிருக்கிறது. மூளை, சிறுநீரகம், உடம்பின் ரசாயனம், ஹார்மோன். ஆக, எந்த டெஸ்ட்டை எழுதுவது என்பதற்கு முன்னால் எந்த வகை என்று தெரிய வேண்டும். அதை எந்த மெஷினும் சொல்லாது, அம்மாதான் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு நல்ல ஞாபகம். தேதி தெரியாது, ஆனால் "அந்தோணியார் கோயில் கொடியேத்தத்துக்கு மறுநாள்", "எங்க நாத்தனா வளைகாப்புக்குப் போயிட்டு வந்த ராத்திரி" என்று சொல்லிக்கொண்டே போனாள். டாக்டர் ஒரு காலண்டரை எடுத்து வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். நான் அடுக்கிய ஃபைலைவிட அந்தக் காலண்டரில் விஷயம் அதிகம் இருந்தது. சும்மா சொல்லவில்லை, ரிப்போர்ட் அடிக்கிற தொழிலில் இருப்பவன் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் பல கேள்விகள் கேட்டார். எல்லாமே ஏதோ ஒரு பெரிய வியாதியை மனதில் வைத்துக் கேட்டவை என்று பின்னால்தான் விளங்கியது.

வாந்தி என்ன நிறம்? இதுதான் முதல் எச்சரிக்கை. பச்சை என்றால், அதுவும் ஆரம்பத்திலேயே பச்சை என்றால், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். கருவில் இருக்கும்போது குடல் சுழன்று வந்து வயிற்றுக்குள் ஒரு அகலமான அடித்தளத்தில் பொருந்த வேண்டும். சிலருக்கு அந்தச் சுழற்சி பாதியில் நின்றுவிடும். அப்போது மொத்தச் சிறுகுடலும் ஒரு குறுகலான காம்பில் தொங்கும். அது முறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும். பெரும்பாலும் பிறந்த முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும், ஆனால் எந்த வயதிலும் வரலாம். கொஞ்சம் முறுக்கி, தானாகவே பிரிந்து, சில வாரம் கழித்து மறுபடி முறுக்குகிற பிள்ளைகளும் உண்டு. நடுவில் ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால் வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்து, அது முன்சிறுகுடலில் போகிற பாதையை எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். பாதை இடது பக்கம் திரும்பிச் சரியான உயரத்தில் முடிந்தால் குடல் சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம். பாப்பாவுக்கு அது செய்யப்பட்டது, சரியாக இருந்தது. இதில் ஒரு குழப்பம் உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும் நிறைய தடவை வாந்தி எடுத்தால் கடைசியில் பித்தம் கலந்துதான் வரும். மஞ்சளைப் பச்சை என்று சொல்கிறவர்கள், பச்சையை மஞ்சள் என்று சொல்கிறவர்கள் இரண்டு பேரும் உண்டு. "ஃபோட்டோ எடுத்துவையுங்கள், எத்தனையாவது வாந்தி என்றும் எழுதிவையுங்கள்" என்றார் டாக்டர். மச்சானின் போனில் இப்போது அந்த மாதிரிப் படங்கள்தான் பாதி. கல்யாண ஆல்பம் காட்டுகிறேன் என்று யாரிடமும் போனைக் கொடுக்க முடியாது.

காலையில் எழுந்ததும் வாந்தி என்றால் தலையையும் நினைக்க வேண்டும். மூளையில் கட்டியோ நீர்த்தேக்கமோ இருந்தால் படுத்திருக்கும்போது மண்டைக்குள் அழுத்தம் கூடும். விடிகாலையில் தலைவலியும் வாந்தியும் வரும், வாந்தி எடுத்ததும் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கும். பின்மூளையில் கட்டி வந்தால் நடை தள்ளாடும், கழுத்து ஒரு பக்கம் சாயும், மாறுகண் வரும், நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து குலையும். வாந்தி ஒவ்வொரு மாதமும் கூடிக்கொண்டே போகும். வயிற்று வாந்தி என்றே இந்தப் பிள்ளைகளுக்குப் பல மாதம் மருந்து கொடுக்கப்படுவது உலகம் பூராவும் நடக்கிறது. டாக்டர் பாப்பாவைக் கோடு மேல் நடக்கவைத்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். விடிகாலை நேரம் என்பதால் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். அதுவும் நார்மல். ஆனால் இந்த நார்மலைப் பார்த்து அக்கா அழுதாள். என்ன இல்லை என்று தெரிந்து வாங்கிய முதல் நார்மல் அது.

தோட்டத்தில் மருந்தடிக்கிற அன்றைக்கா வாந்தி வருகிறது என்றும் கேட்டார். இடுக்கியில் பிராக்டீஸ் செய்கிறவர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்து எவ்வளவு போகிறது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அந்த விஷத்திலும் வாந்தி வரும், எச்சில் வழியும். பாப்பாவுக்கும் எச்சில் வழிகிறது. ஆனால் விஷமென்றால் கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், வியர்க்கும், வயிற்றோட்டம் இருக்கும், ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற என்சைம் குறையும். பாப்பாவுக்கு அதெல்லாம் இல்லை.

கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கைப் பற்றியும் பேச்சு வந்தது, அதை எடுத்தது அப்பத்தாதான். "கப்ப தின்னாலே பிள்ளைக்கு ஆகாது" என்று அவர் உறுதியாக இருந்தார். டாக்டர் சிரிக்கவில்லை. கேரளாவில் சின்ன வயதிலேயே கணையம் கெட்டு, கல் விழுந்து, சர்க்கரை நோயில் போய் முடிகிறவர்களை 1960களில் பெரிய எண்ணிக்கையில் பதிவுசெய்தவர் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ். ஏழைகள் கப்பையே சாப்பிட்டு வாழ்ந்த காலம் என்பதால், அதிலுள்ள சயனைடுச் சத்து காரணமாக இருக்குமோ என்று வெகு நாள் பேசினார்கள். கப்பையே தொடாத ஊர்களிலும் அந்த நோய் இருப்பது தெரிந்ததும் அந்த எண்ணம் பலவீனமாகிவிட்டது. பிறகு எஸ்.பி.ஐ.என்.கே.1 என்ற மரபணுவின் மாற்றம் பல நோயாளிகளிடம் இருப்பது தெரிந்தது. கப்பை தப்பித்தது, கணையம் தப்பவில்லை. வாந்தியோடு வயிற்றுவலி வரும் பிள்ளைக்கு, கணையம் வீங்கினால் ரத்தத்தில் ஏறுகிற லைபேஸ் என்சைமைப் பார்க்கத்தான் வேண்டும், அதுவும் வலிக்கிற நேரத்தில்.

இந்த "வலிக்கிற நேரத்தில்" என்பதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் லேப்புக்கு இந்தப் பிள்ளைகள் எப்போது வருகிறார்கள்? வாந்தி நின்று, ரெண்டு நாள் ஆகி, தெம்பு வந்து, டாக்டரிடம் ரிவ்யூவுக்குப் போய், சீட்டு எழுதி வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் வருகிறார்கள். அப்போது எல்லாம் நார்மலாகத்தான் இருக்கும். மழை விட்ட பிறகு ஓட்டில் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பார்க்க ஏறுகிற மாதிரி. லைபேஸ் இறங்கியிருக்கும். சிறுநீரகத்திலிருந்து குழாய் கிளம்புகிற இடத்தில் அடைப்பு இருக்கிற பிள்ளைக்கு வலி வருகிற நேரத்தில் சிறுநீரகம் வீங்கியிருக்கும், அப்புறம் வடிந்துவிடும், ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அம்மோனியா இறங்கியிருக்கும்.

அம்மோனியாவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். புரதம் செரிக்கும்போது உண்டாகிற அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி வெளியே அனுப்புகிறது. அந்த வேலையைச் செய்கிற என்சைம்களில் ஒன்று பிறவியிலேயே குறைவாக இருந்தால், சாதாரண நாளில் சமாளித்துக்கொள்வார்கள். காய்ச்சல் வந்தால், பட்டினி கிடந்தால், திடீரென்று நிறையக் கறி சாப்பிட்டால் அம்மோனியா ஏறும். வாந்தி, மயக்கம், உளறல் வரும். முழுக் குறைபாடு இருக்கிற குழந்தைகள் பிறந்த சில நாளிலேயே விழுந்துவிடுவார்கள், பாதிக் குறைபாடு இருக்கிறவர்கள் இப்படி விட்டு விட்டு வாந்தியோடு வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள். "கறி, மீன், முட்டையை அவளாகவே ஒதுக்குகிறாளா?" என்று டாக்டர் கேட்டது இதற்காகத்தான். இந்தப் பிள்ளைகள் புரதத்தைத் தானாகவே வெறுப்பார்களாம். பாப்பா மத்திக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத ஆள்.

டெஸ்ட் எடுப்பதிலும் வம்பு இருக்கிறது. வாந்தி எடுக்கிற நேரத்தில், முடிந்தால் குளுக்கோஸ் டிரிப் போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். குளுக்கோஸ் உள்ளே போனதும் உடம்பு தன் புரதத்தை உடைப்பதைக் குறைத்துக்கொள்ளும், தடயம் மங்க ஆரம்பிக்கும். (அதற்காக டிரிப்பைத் தள்ளிப்போடக் கூடாது, ரத்தம் எடுக்க ஒரு நிமிஷம் போதும்.) கையை இறுக்கிக் கட்டி, குழந்தை திமிற, அமுக்கிப் பிழிந்து எடுத்தால் பொய்யாக ஏறும். எடுத்த டியூபை ஐஸில் வைத்து, உடனே செல்களைப் பிரித்து, மெஷினில் போட வேண்டும். சாதாரண அறை வெப்பத்தில் மேஜையில் கிடந்தால் டியூபுக்குள்ளேயே அம்மோனியா ஏறிக்கொண்டிருக்கும். எங்களை மாதிரி சின்ன லேப்பில் சாம்பிளை வாங்கி பஸ்ஸில் அனுப்பினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. யாராவது அம்மோனியா எழுதிக்கொண்டு வந்தால் நாங்கள் எடுப்பதில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறோம்.

எங்கள் லேப்பிலேயே ஆகிற, ஐந்து நிமிஷத்தில் முடிகிற இன்னொன்றும் உண்டு. வாந்தி நேரத்துச் சர்க்கரையும் யூரினில் கீட்டோனும். சாப்பிடாமல் கிடக்கிற குழந்தையின் உடம்பு கொழுப்பை எரிக்கும், கீட்டோன் வரும், ஸ்ட்ரிப்பில் அந்தக் கட்டம் கருஞ்சிவப்பாகும். சர்க்கரை குறைவு, கீட்டோன் நிறைய என்றால் உடம்பு செய்ய வேண்டியதைச் செய்கிறது. சர்க்கரை குறைந்துபோய், கீட்டோனும் வராவிட்டால் கொழுப்பை எரிக்கிற பாதையிலேயே கோளாறு இருக்கலாம், உடனே கவனிக்க வேண்டும். சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக் கீட்டோனும் இருந்தால் அது சர்க்கரை நோயின் ஆரம்பம். விலை மலிவான இந்த ரெண்டு டெஸ்ட்டும் பாப்பாவின் தடித்த ஃபைலில் ஒருமுறைகூட வாந்தி நேரத்தில் எடுத்ததாக இல்லை.

டாக்டர் ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை ஆரம்பித்ததும் வேறு எங்கேயும் நிற்காமல் நேராக வாருங்கள் என்றார். அடுத்த முறை ஆரம்பித்தது, வழக்கம்போல விடியாத நேரத்தில். மச்சான் ஜீப்பை எடுத்துக்கொண்டு குட்டிக்கானம் வழியாக இறங்கினார். அந்த வளைவுகளில் அப்படி ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனதை அக்கா இன்றைக்கும் பேச மாட்டாள். சர்க்கரை சற்றுக் குறைவு, கீட்டோன் நிறைய, அம்மோனியா சரி, லைபேஸ் சரி, சோடியம், பொட்டாசியம் சரி. சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறி, தோலும் கறுத்திருந்தால் அட்ரீனல் சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும், அதுவும் இல்லை. வாந்தி நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கவில்லை. யூரினில் கொஞ்சம் உறையவைத்து, பிறவி ரசாயனக் கோளாறுகளைக் காட்டுகிற ஆர்கானிக் அமிலங்களுக்கு அனுப்பினார்கள், சில நாள் கழித்து அதுவும் சரி என்று வந்தது.

டாக்டர் சொன்ன பெயர் சைக்ளிக் வாமிட்டிங் சிண்ட்ரோம், சுருக்கமாக சி.வி.எஸ். புது நோய் இல்லை. லண்டனில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் 1882இலேயே இப்படி விட்டு விட்டு வாந்தி எடுத்த ஒன்பது குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 2016இல் வந்த ரோம் 4 என்ற வயிறு, குடல் நோய் வரையறைப்படி, ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவையாவது வர வேண்டும், ஒவ்வொன்றும் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ நீடிக்க வேண்டும், அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டும், நடுவில் வாரங்களோ மாதங்களோ பழையபடி ஆரோக்கியமாக இருக்க வேண்டும், தகுந்த பரிசோதனைக்குப் பிறகு வேறு காரணம் கிடைக்காமல் இருக்க வேண்டும்.

மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. "காரணம் தெரியலங்கிறதுக்கு ஒரு இங்கிலீஷ் பேரு, அவ்வளவுதான?" என்றார். இப்படி நினைக்கிறவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மணிக்கு ஆரம்பித்து, ஒரே வரிசையில் நடந்து, ஏறக்குறைய அதே நேரத்தில் முடிவது இந்த நோயின் சொந்த அடையாளம். வயிற்றுத் தொற்று அப்படி மணி பார்த்து வராது. அதோடு இதற்கு ஒரு குடும்பமும் இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக் குடும்பம். சி.வி.எஸ். வரும் பிள்ளைகள் பலருடைய வீட்டில், முக்கியமாக அம்மா வழியில், ஒற்றைத் தலைவலி இருக்கும். பயணத்தில் வாந்தி எடுக்கிற சுபாவமும் கூடவே வரும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு வளர வளர வாந்தி குறைந்து, பதின்ம வயதில் தலைவலியாக மாறுகிறது. எங்கம்மா மாதத்துக்கு ஒரு நாள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்தி இருட்டில் படுத்திருப்பார். அன்றைக்கு வீட்டில் தாளிக்கிற வாசனைகூட ஆகாது. அக்காவுக்கும் அது உண்டு. பாப்பா லைட்டைப் போட்டால் அழுததை அன்று வரை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

காலண்டர் வட்டங்களும் அப்போது அர்த்தமாயின. அதில் ஒன்று சித்ரா பௌர்ணமி. பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் ஜனங்களை விடுவார்கள். குமுளியிலிருந்து விடியலில் ஜீப் கிளம்பும். முதல் நாள் ராத்திரி பிள்ளைகளுக்குத் தூக்கம் இருக்காது, காலையில் சாப்பாடு இருக்காது, காட்டு ரோட்டில் ஜீப் குலுக்கும், வெயில், கூட்டம், சந்தோஷம். அடுத்த விடியலில் பாப்பா விழுந்தாள். காட்டில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்று கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். இந்த நோயைத் தூண்டுகிறவை என்று சொல்லப்படுகிற பட்டியலைப் பாருங்கள்: தூக்கக் குறைவு, நீண்ட நேரம் சாப்பிடாமல் இருப்பது, பயணம், சளிக் காய்ச்சல், மன இறுக்கம், அப்புறம் மகிழ்ச்சியான பரபரப்பு. பிறந்தநாள், பண்டிகை, சுற்றுலா எல்லாம் இதில் சேரும். பள்ளிக்கூடம் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையாவது திருவிழாவுக்குப் போகப் பிடிக்காமல் நடிக்குமா?

மருந்தாகத் தினமும் இரவில் சிப்ரோஹெப்டாடின் சிரப் கொடுத்தார்கள். ஐந்து வயதுக்குக் கீழே அதைத்தான் முதலில் எடுப்பார்கள், அதற்கு மேலே என்றால் அமிட்ரிப்டிலின். மெடிக்கல் ஷாப்பில் அதைப் பார்த்ததும் அப்பத்தா, "இது பசி மருந்துல்ல?" என்றார். நம் ஊரில் சாப்பிடாத பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற அதே சிரப்தான். பசிக்கும், தூக்கம் வரும், எடை கூடும். பாப்பாவின் கன்னம் உப்பிவிட்டது, அப்பத்தாவுக்கு அதுவரை எந்த டாக்டர் மேலும் இல்லாத மரியாதை இவர் மேல் வந்துவிட்டது. படுக்கும் நேரத்தை மாற்றாதீர்கள், இரவில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்கட்டும், வெளியூர் போவதற்கு முதல் நாள் சீக்கிரம் தூங்கவையுங்கள் என்று சில கட்டளைகள். வாந்தி அடியோடு நிற்கவில்லை. இடைவெளி நீண்டது, வந்தாலும் அரை நாளில் அடங்கியது.

ஆரம்பித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கடிதமும் கொடுத்தார். இந்தக் குழந்தைக்கு இன்ன நோய், இன்ன பரிசோதனைகள் ஏற்கனவே செய்யப்பட்டிருக்கின்றன, தாமதிக்காமல் குளுக்கோஸ் கலந்த டிரிப்பும் வாந்தியை அடக்குகிற ஓண்டான்செட்ரானும் கொடுக்கவும், இருட்டான அமைதியான அறையில் தூங்கவிடவும் என்று இருக்கும். கீழே தடித்த எழுத்தில்: வழக்கமான மாதிரி இல்லாமல் காய்ச்சல், ஆரம்பத்திலேயே பச்சை வாந்தி, வயிறு இறுகுவது, ரத்தம், கடும் தலைவலி, தெளியாத மயக்கம் எது இருந்தாலும் புது நோயாளியைப் போலப் பார்க்கவும். மச்சான் அதை லேமினேட் செய்து ரெண்டு பிரதி வைத்திருக்கிறார். ஒன்று வீட்டில், ஒன்று என்னிடம். பாப்பா எல்லையின் எந்தப் பக்கம் விழுந்தாலும் காட்டலாம்.

போன மழைக்காலத்தில் இங்கே என் வீட்டுக்கு வந்திருந்தபோது சாயங்காலம் வாந்தி எடுத்தாள். மூன்று நாலு தரம். உடம்பு சுட்டது. பழைய வாந்திதான் என்று அக்கா இருட்டறையைத் தயார் செய்யப் போனாள், மச்சான் கடிதத்தைத் தேடினார். நேரம் வேறாக இருக்கிறதே, காய்ச்சலும் இருக்கிறதே என்று எனக்குப் பட்டது. கேசுவாலிட்டியில் இருந்த இளவயது டியூட்டி டாக்டர் கடிதத்தை முழுக்கப் படித்தார். அந்தத் தடித்த எழுத்தை இன்னொரு தரம் படித்தார். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு யூரின் எடுக்கச் சொன்னார். சாம்பிள் எங்கள் லேப்புக்குத்தான் வந்தது. கண்ணாடித் தகட்டில் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், சீழ் செல்கள் குவிந்து கிடந்தன. கல்ச்சர் போட்டு, ரிப்போர்ட் வருவதற்குள் ஆண்டிபயாடிக் ஆரம்பித்தார்கள். சாதாரண சிறுநீர்த் தொற்று.